நடக்கப் பழகிய பிள்ளையை எங்கே விடுவது?



பிள்ளை தவழ்கிற வரைக்கும் கவலை ஒரு மாதிரி. எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டால் கவலை வேறு மாதிரி. இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கால் வந்திருக்கும், பயம் வந்திருக்காது. நாற்று நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு, மல்லாட்டை பிடுங்கல் என்று வேலை வரும் நாட்களில் தாய் கழனிக்குப் போயாக வேண்டும். தகப்பன் விழுப்புரத்துக்கோ புதுச்சேரிக்கோ கட்டட வேலைக்குக் காலையிலேயே கிளம்பியிருப்பார். "புள்ளைய யாருகிட்ட வுட்டுட்டுப் போறது?" என்பதுதான் வளவனூர்ப் பக்கத்தில் இளம் தம்பதியர் பலருடைய வீட்டில் காலை ஆறு மணிப் பேச்சு. அந்தப் பேச்சுக்குத்தான் இந்தப் பிரசுரம்.

இப்போது பெரும்பாலும் என்ன செய்கிறோம்? கண் மங்கிய ஆயாவிடம் விட்டுப் போகிறோம். இல்லையென்றால் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கும் மூத்த பெண்ணை "இன்னிக்கி ஒரு நாளு லீவு போடு" என்று நிறுத்தி வைக்கிறோம். அந்த ஒரு நாள் நடவு முடிகிற வரைக்கும் நீளும். இரண்டும் இல்லாதபோது வரப்பு ஓரத்து மரத்தில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு நடுகிறோம். ஆறு மாதப் பிள்ளை ஏணையில் தூங்கும். இரண்டு வயதுப் பிள்ளை அதிலிருந்து இறங்கி வாய்க்காலைப் பார்த்து நடக்கும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வளவனூர் ஏரியை எல்லோரும் அறிவோம். அதோடு கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, மோட்டார் கொட்டகையின் தொட்டி, வீடு கட்ட வெட்டிய குழி, மழைக்குப் பிறகு நிரம்பும் பள்ளம் என்று ஊரெங்கும் தண்ணீர்தான். இந்த வயதுப் பிள்ளைக்குத் தலை கனம், உடம்பு சிறிது. குனிந்து எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழும், தானாக எழ முடியாது. அரை வாளித் தண்ணீர் போதும். சத்தம் வராது, கத்தாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நம்மைப் போலவே நெல்லும் குளமுமாக இருக்கிற வங்காள தேசத்தில் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். நீரில் மூழ்கி இறந்த சின்னஞ்சிறு பிள்ளைகளில் பெரும்பாலோர் காலை 9 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடையில், வீட்டை ஒட்டிய குளங்களில், தாய் வேலையாக இருந்த நேரத்தில் இறந்தவர்கள். ஆகவே அந்த நேரத்துக்கு மட்டும் ஊருக்குள்ளேயே பிள்ளைக் காப்பகங்கள் தொடங்கினார்கள். பெயர் 'ஆஞ்சல்'. அவர்கள் மொழியில் அது சேலை முந்தானை. ஓர் உள்ளூர்ப் பெண்ணும் அவருக்கு ஓர் உதவியாளும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை, பாட்டு, விளையாட்டு என்று பார்த்துக்கொள்வார்கள். அப்படிக் காப்பகத்துக்கு வந்த பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது மிகப் பெருமளவில் குறைந்துபோயிற்று. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் பள்ளி வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பகல் காப்பகம் வேண்டும் என்கிறது. பால்வாடி என்றால் சோறும் முட்டையும் மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஒரு பெரியவரின் கண் பிள்ளைமேல் இருப்பதே முதல் பயன், மற்றதெல்லாம் பிறகு.

"எம் புள்ளைங்க எந்தப் பால்வாடிக்குப் போச்சு? நல்லாத்தானே வளந்துச்சு" என்று மாமியார் சொல்லக்கூடும். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு வாசலில் பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்று எட்டுப் பேர் உருண்டு புரண்டார்கள். அதுவே ஒரு பால்வாடி. இன்று வாசலில் ஒரு பிள்ளைதான். அதன் கையில் செல்போன். இரண்டு வயது முடியும் வரை செல்போன், டி.வி. வேண்டவே வேண்டாம், பிறகும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது. பிள்ளைக்குப் பிள்ளைதான் துணை. ஆறு வயதுக்குள் மூளை பெரியவர்களுடைய மூளையின் அளவில் ஏறக்குறைய 90 சதவீதம் வளர்ந்துவிடுகிறது. அந்த ஆண்டுகளில் அது பேச்சையும், பழக்கத்தையும், மற்றவரோடு பங்கிட்டுத் தின்பதையும் கற்றாக வேண்டும்.

பால்வாடி நமக்கு எப்படி வந்தது

மகாராஷ்டிரத்துப் போர்டி என்ற ஊரில் 1945-ல் தாராபாய் மோடக் என்ற அம்மையாரும் அவருடன் அனுதாய் வாக் என்ற ஆசிரியையும் ஏழைப் பிள்ளைகளுக்கு மழலையர் பள்ளி தொடங்கினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. பள்ளியைப் பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார்கள். 'ஆங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் அப்படி வந்தது. 1975 அக்டோபர் 2-ல் நாட்டில் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் தொடங்கின. நம் மாநிலத்தில் 1980-ல் உலக வங்கி உதவியுடன் வந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மாதாமாதம் பிள்ளையை எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு உடனே கூடுதல் உணவு கொடுத்தார்கள். 1982 ஜூலை 1-ல் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், பள்ளிப் பிள்ளைகளோடு கிராமத்துப் பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே வந்தது. இன்று தமிழ்நாட்டில் சுமார் 54 ஆயிரம் குழந்தைகள் மையங்கள் உள்ளன. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு இந்த உணவு உரிமை. யாரும் போடுகிற பிச்சை அல்ல. வாங்குவதற்கு யாரும் கூச வேண்டியதில்லை.

இரண்டு வயது நிறைந்த பிள்ளை பகலில் மையத்திலேயே இருக்கலாம். சூடான மதிய உணவும், வாரத்தில் மூன்று நாள் முட்டையும் உண்டு. அதற்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு வீட்டுக்கே சத்துமாவு தருகிறார்கள். அதைக் கொதித்து ஆறிய நீரில் பிசைந்து அல்லது கொழுக்கட்டையாக அவித்துப் பிள்ளைக்குக் கொடுங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் ஆளுக்கொரு உருண்டை தின்று தீர்ப்பதும், கன்றுக்குட்டிக்குக் கரைத்து ஊற்றுவதும் நான் பல வீடுகளில் கண்ணால் பார்த்த சங்கதி. மாடு கொழுக்கிறது, பிள்ளை இளைக்கிறது.

போய்ப் பார்த்துத் தீர்மானியுங்கள்

உங்கள் ஊர் மையம் நல்லதா என்று பக்கத்து வீட்டாரைக் கேட்பதோடு நிற்காதீர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து, ஒரு வேலை நாளில், காலை 11 மணி வாக்கில், சொல்லாமல் கொள்ளாமல் போங்கள். விஜயதசமி அன்றும் சுதந்திர தினத்தன்றும் எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும்.

வாசலில் நின்று முதலில் காதைக் கொடுங்கள். பிள்ளைகளின் கூச்சல், பாட்டு, சிரிப்பு, நடுவில் ஓர் அழுகை, அதைத் தேற்றும் குரல் இவை கேட்டால் நல்ல இடம். இருபது பிள்ளைகள் உள்ள இடத்தில் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி என்றால் அது எனக்குப் பிடிக்காது. இந்த வயதுப் பிள்ளைகள் அச்சத்தினால்தான் அப்படி உட்காருவார்கள்.

உள்ளே போனால் பணியாளர் அம்மா பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று கவனியுங்கள். சுவரில் படங்கள் எந்த உயரத்தில் மாட்டியிருக்கின்றன என்றும் பாருங்கள். பெரியவர் கண்ணுக்கு நேராக இருந்தால் அது மேலதிகாரிக்கு மாட்டியது. பிள்ளை தொட்டுப் பார்க்கும் உயரத்தில் இருந்தால் அது பிள்ளைக்கு. விளையாட்டுச் சாமான் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதா, தரையில் கிடக்கிறதா? உடைந்துவிடும் என்று பூட்டி வைப்பார்கள். உடையட்டும், அதற்குத்தானே வாங்கியது.

பிறகு சமையலிடம். அடுப்பும் பிள்ளைகள் இருக்கும் அறையும் ஒன்றாக இருக்கக் கூடாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளியில் சமையல் கூடத்துக் கூரையில் பிடித்த தீ வகுப்புக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் மாண்டார்கள். அதை மறக்கக் கூடாது. கீற்றுக் கொட்டகை, ஒரே வாசல், கம்பி போட்டு அடைத்த ஜன்னல் இவற்றில் எது இருந்தாலும், அரசு மையமோ தனியார் பள்ளியோ, பிள்ளையை விடாதீர்கள்.

குடிதண்ணீர்ப் பானைக்கு மூடி உண்டா, தரைத் தொட்டிக்கு மூடி உண்டா, கழிப்பிடம் பிள்ளைகள் பயன்படுத்தும்படி இருக்கிறதா அல்லது விறகும் சாக்கும் போட்டு வைத்திருக்கிறார்களா, வெளிக்கதவுக்குக் கொண்டி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் கிணறோ குட்டையோ இருந்தால் நடுவில் வேலி வேண்டும். கட்டடம் பள்ளத்தில் உள்ளதா என்பதும் நம் பகுதிக்கு முக்கியமான கேள்வி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், மாவட்டம் முழுக்கத் தண்ணீர் நின்றதையும் பார்த்தோம்.

சாப்பாட்டு நேரம் வரை இருந்துவிட்டு வாருங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுகிறார்களா என்பதை மட்டும் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். எடை போடும் கருவி எங்கே, என் பிள்ளையின் எடை அட்டை எங்கே என்று கேளுங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடு போட்டிருப்பதை உங்களுக்கு விளக்கிச் சொல்கிற பணியாளர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். கட்டடம் கொஞ்சம் பழசாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. மையம் காலனியில் இருக்கிறது, அங்கே சமைக்கிறவர் இன்ன சாதி என்று சொல்லிப் பிள்ளையை அனுப்பாமல், ஒரு மைல் தூரம் ஆட்டோவில் வேறிடத்துக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பசி தெரியும், பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையைத் தெரியும். அதற்குத் தெரியாததை நாம் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

குறை கண்டால் என்ன செய்வது? "கவர்மெண்ட் எடம் அப்படித்தான்" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். நாலு தாய்மார் சேர்ந்து பணியாளரிடம் நேரில் பேசுங்கள். தொட்டி மூடி, கதவுக் கொண்டி போன்றவற்றை ஊரிலேயே சரிசெய்துவிடலாம். பெரிய குறை என்றால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பணியாளருக்கும் கணக்கு, பதிவேடு, செல்போனில் பதிவு என்று வேலை குறைவில்லை. அவரை எதிரியாக நினைத்துப் பேசினால் காரியம் நடக்காது.

நேரம்தான் பெரிய சிக்கல். நடவுக்குப் போகிற தாய் ஏழு மணிக்குக் கிளம்புவாள், மையம் அதற்குப் பிறகுதான் திறக்கும். அந்த இடைவெளிக்கு மகளிர் குழுவில் பேசி, நாலைந்து வீட்டுப் பிள்ளைகளை ஒரு வீட்டில் வைத்து, நாளுக்கு ஒருத்தியாகவோ, திடமான ஒரு பாட்டியம்மாளுக்கு எல்லோரும் கொஞ்சம் கொடுத்தோ ஏற்பாடு செய்யலாம். நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குக் கீழ் ஐந்து பிள்ளைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்று எழுதினார்கள். அந்த யோசனை நல்ல யோசனை. ஊரே செய்துகொள்ளத் தடை ஏதும் இல்லை.

தனியார் நர்சரியா?

வசதி உள்ளவர்கள் விழுப்புரத்துப் பக்கம் வேன் வரும் பள்ளியைப் பார்க்கிறார்கள். தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் மாட்டிய பெரிய பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'மாண்டிசோரி' என்று ஊருக்கு ஊர் எழுதியிருக்கிறார்கள். மரியா மாண்டிசோரி என்ற அந்த அம்மையார் ஒரு மருத்துவர். 1907-ல் ரோம் நகரில் கூலித் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காகத்தான் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிள்ளை தன் கையால் ஊற்றி, பொறுக்கி, அடுக்கிக் கற்க வேண்டும் என்பது அவர் முறை. மூன்று வயதுப் பிள்ளையை டெஸ்கில் உட்கார வைத்து ஏ, பி, சி, டி எழுதச் சொல்வதற்கும் அவர் முறைக்கும் சம்பந்தமே இல்லை.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. மூன்று வயதில் அவற்றில் மூன்று நான்குதான் கெட்டிப்பட ஆரம்பித்திருக்கும். மாவு பிசைய, மண் அள்ள, புளியங்கொட்டை பொறுக்க அந்தக் கை போதும். பென்சிலை இறுக்கிப் பிடித்து நோட்டு நோட்டாக எழுதும் கை அதுவல்ல. "எங்க ஸ்கூல்ல மூணு வயசுலயே எழுத வைப்போம்" என்று ஒரு பள்ளி பெருமையாகச் சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை முதலில் தமிழில் தாராளமாகப் பேசட்டும். பேச்சு பெருகிய பிள்ளைக்கு இங்கிலீஷ் பின்னால் வரும். "வாட்டர்" என்று கேட்கத் தெரியாமல் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை எதைக் கற்கும்?

தனியார் மழலையர் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டில் 2015 முதல் தனி விதிகள் உண்டு. அங்கீகார உத்தரவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, மழுப்பினால் விஷயம் விளங்கிவிடும். வகுப்பு தரைத் தளத்தில் இருக்கட்டும். இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியையும் ஓர் உதவியாளரும் என்பது தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். ஆட்டோவில் எத்தனை பிள்ளைகளை அடைக்கிறார்கள், வண்டியில் ஓட்டுநரைத் தவிர ஒரு பெண் துணை உண்டா என்பதையும் பாருங்கள். கட்டணத்துக்காக வட்டிக்குக் கடன் வாங்குவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். அந்தப் பணத்தில் தினம் ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், கொஞ்சம் கீரை, பருப்பு வாங்கிக் கொடுத்துப் பக்கத்து மையத்துக்கு அனுப்புங்கள்.

அனுப்பும் முன்பும் அனுப்பிய பிறகும்

நாலு பிள்ளைகள் சேரும் இடத்தில் நோயும் சேரும். ஆகவே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 16 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடையில் போட வேண்டிய ஊசிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது ஊசியும், முத்தடுப்பு ஊக்க ஊசியும் அப்போதுதான் வரும். நம் பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இருந்து வந்திருப்பதால் அதற்கான இரண்டாவது ஊசியும் இந்த வயதில் உண்டு. வைட்டமின் 'ஏ' சொட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பூச்சி மாத்திரை ஆண்டுக்கு இரண்டு முறை மையத்திலேயே கொடுப்பார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குப் பாதி மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து.

காய்ச்சல், பேதி, கண் சிவப்பு, வாயிலும் உள்ளங்கையிலும் கொப்புளம், அம்மை இருந்தால் அனுப்பாதீர்கள். அம்மைக் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகே அனுப்பலாம். பேதிக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கிடைக்கும்.

மல்லாட்டைப் பயறை மடியில் கட்டி அனுப்புகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நாலு வயதுக்கு முன் முழுப் பயறு மூச்சுக் குழலில் சிக்கிக்கொள்ளும். பொடித்து வெல்லத்தோடு கொடுத்தால் அருமையான சத்து.

முதல் நாளே பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவராதீர்கள். அது அழும்போது, "தோ, கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று பொய் சொல்லி மறைந்துவிடாதீர்கள். முதல் மூன்று நாள் தாயோ ஆயாவோ கூடவே ஒரு மணி நேரம் உட்காரட்டும். அடுத்த நாட்களில் "சாப்பிட்டதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வந்துவிடுங்கள். பழைய துணி, பொம்மை எதையாவது கட்டிக்கொண்டு போக விரும்பினால் விடுங்கள். இரண்டு வாரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் பழகிவிடும். வீட்டில் அடுத்த குழந்தை பிறக்கப் போகிறதென்றால், பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே மூத்ததை அனுப்பத் தொடங்குங்கள். தம்பிப் பாப்பா வந்த வாரத்தில் கொண்டுபோய் விட்டால், தன்னைத் துரத்திவிட்டார்கள் என்றே அது நினைக்கும். இரண்டு பிள்ளைகளுக்கும் இடையில் மூன்று ஆண்டு இடைவெளி இருந்தால் இந்தச் சங்கடமே பெரிதாக வராது. அதற்கான வழிகளைச் செவிலியரிடம் கேளுங்கள்.

தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளையை நீங்கள் கொண்டுபோய் விடுங்கள். "இன்னிக்கி என்னம்மா பாட்டுப் பாடின?" என்று சாயங்காலம் கேளுங்கள். பதில் மழலையாக வரும், பாதி புரியாது. கேட்டுக்கொண்டிருங்கள். நன்றாகப் பழகிய பிள்ளை திடீரென்று போக மறுத்து நடுங்கினால், ஒருவரைக் கண்டு ஒளிந்தால், தூக்கத்தில் அலறினால், உடம்பில் காயமோ புண்ணோ தெரிந்தால், அதட்டாமல் உடனே விசாரியுங்கள். சந்தேகம் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசலாம், காசு இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று மூடி வைக்காதீர்கள்.

"எம் பொண்ணு இன்னும் சரியாவே பேசல, அங்க போயி என்ன சொல்லப் போவுது?" என்று தயங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைதான் முதலில் போக வேண்டும். 2013 முதல் பள்ளிச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு ஒவ்வொரு மையத்துக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை வந்து காது, கண், பேச்சு, இதயம் எல்லாம் பார்க்கிறது. 18 மாதத்தில் நடக்காத, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையைக் குழு வரும்வரை காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தேவையானால் அங்கிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

சேர்க்கப் போகும்போது தாய் சேய் நல அட்டையையும், பிறப்புச் சான்றிதழையும், மாற்றுத் துணி இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையை அழைத்துப் போக வரக்கூடியவர்கள் யார் யார் என்று பெயரும் செல்போன் எண்ணும் எழுதிக் கொடுங்கள். அவர்களைத் தவிர வேறு யார் வந்தாலும் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ மாதக் கணக்கில் வெளியூர் போகிறவர்கள், பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறவர்கள், கிளம்பும் முன் இங்குள்ள பணியாளரிடம் சொல்லிவிட்டு, போன இடத்து மையத்தில் பிள்ளையைப் பதிந்துகொள்ளுங்கள். எடை அட்டையும் தடுப்பூசி அட்டையும் பெட்டியில் துணிக்கு அடியில் அல்ல, கைப்பையில் இருக்கட்டும்.